கரையிலிருந்து சதுப்புக்கு

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்துவிடப்பட்டு, வழியிலிருந்த ஏரிகளின் உபரியையும் அன்றைய பெருமழையையும் தன்னுள் சேர்த்துக்கொண்டு அடையாறு சென்னைக்குள் பெருகி வந்தபோது, அந்நதியின்மேலேயே பாலமிட்டு ஓடுபாதையை நீட்டிக்கொண்ட மீனம்பாக்கம் விமான நிலையமும், அதே நதியின் விளிம்பில் தகரமும் தார்ப்பாயும் கொண்டு எழுந்த குடிசைகளும் ஒருங்கே வெள்ளக்காடாயின. வெள்ளத்துக்கு ஏழை பணக்காரன் பேதமில்லை என்று அந்நாளில் நாம் சிலாகித்துப் பேசிக்கொண்டோம். வெள்ளம் வடிந்த பின்னர் அந்தப் பேதம் பத்திரமாகத் திரும்பி வந்தது.

வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமான நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக சாஸ்திரம். ஆதலின், சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மழைகள் இனி மிகுமென்று அஞ்சுவதற்கு நியாயம் இருக்கிறது. ஆயினும், 2015இன் மழையைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட அதனை ஆராய்ந்த விஞ்ஞானிகளே துணியவில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, மனிதர் விளைவித்த பேரிடர் என்றே அவ்வெள்ளத்தைக் குறித்தது. வானத்தின்மேல் பழியைப் போடுவதில் ஒரு சௌகரியம் உண்டு: வானம் கோர்ட்டுக்கு வந்து வழக்காடுவதில்லை.

பழியின் எஞ்சிய பாகம் குடிசைகளின்மேல் விழுந்தது. பக்கிங்காம் கால்வாயின் நீர்வழியிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன; பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும், அகன்ற சாலைகளும், கண்ணாடி வேய்ந்த கணினி நிறுவனங்களும் விழுங்கியிருக்கின்றன. இவற்றையெல்லாம் அபிவிருத்தி என்று வழங்கும் அதே சர்க்கார் பாஷையில், பெரும்பாலும் தலித் மக்கள் தலைமுறைகளாகக் குடியிருந்த ஆற்றங்கரைக்கு மட்டும் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு’ என்று பெயர்.

அபாயத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அம்மக்களை அப்புறப்படுத்திய இடங்களுள் பிரதானமான பெரும்பாக்கம், பள்ளிக்கரணைக்கு நீர் வந்து சேரும் தாழ்நிலத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக அடுக்கப்பட்ட ஊர் என்பதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கும் அடுத்துள்ள செம்மஞ்சேரியிலும் தண்ணீர் சூழ்ந்து நின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கையில், காப்பாற்றுதல் என்ற சொல்லின் பொருளே நமக்குச் சந்தேகமாகிவிடுகிறது.

நீர் மட்டுமா? கூவத்தின் கரையிலிருந்து நடந்துபோய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பத்து மணிக்குள் திரும்பிய பெண், 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து புறப்பட்டால் இரண்டு வீடுகளுக்குமேல் பார்க்க முடியாது. 2021இல் மகளிருக்குப் பேருந்துக் கட்டணம் நீங்கியதென்னவோ நல்ல காரியந்தான், ஆனால் பயண நேரம் நீங்கவில்லை. இத்தகைய மற்றொரு குடியேற்றமான கண்ணகி நகரை விலாசமாகச் சொன்ன மாத்திரத்தில் வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களின் அனுபவம் இருக்கிறதே, அதை எந்த வெள்ள நிவாரணக் கணக்கிலும் காண முடியாது. உலகை வெப்பமாக்கியதில் காரும் குளிர்சாதனமும் அறியாத இவர்களின் பங்கு அற்பம். அதன் பரிகாரத்துக்கோ முதலில் வீட்டைக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம்.

ஆற்றின் மடியிலேயே அவர்கள் கிடக்கட்டும் என்பதன்று என் வாதம். ஆறு அகலவேண்டிய இடத்தில் அகலட்டும். ஓடுபாதைக்கும் தூணுக்கும் அந்த விதி பொருந்துமானால் குடிசைக்கும் பொருந்தட்டும். ஆனால், பெயர்த்து எடுக்கப்படும் குடும்பத்துக்குப் பிழைப்பும் பள்ளியும் அருகிலேயே அமையும்படி நகரத்துக்குள் நிலம் காண்பது இயலாத காரியமன்று. 1970இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம், தன் ஆரம்ப வருஷங்களில் கடற்கரையோரத்திலும் நகரின் நடுவிலும் குடிசைகள் நின்ற இடத்திலேயே சிறு மாடி வீடுகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. பல இடங்களில் சுவரின் காரை உதிர்ந்து கம்பி தெரிந்த வீடுகள் அவை. ஆனாலும் அங்கிருந்தவர்கள் விடியற்காலையில் வலையை எடுத்துக்கொண்டோ, தூக்குவாளியோடோ, நடந்தே வேலைக்குப் போனார்கள்.