கண்ணாடிக்குள் திரை: கைமாறிய கனடியத் தொழில்நுட்பம்

கண்முன் தெரியும் உலகின் மீது கணினி தரும் எழுத்தையும் உருவத்தையும் பதித்துக் காட்டும் கருவிகளுக்கான போட்டி கடுமையடைந்துள்ளது. ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ 2024 ஜூலையில் கனடாவில் விற்பனைக்கு வந்தது. அதன் தொடக்க விலை 4,999 கனடிய டாலர்கள். மெட்டா நிறுவனம் ரே-பான் டிஸ்ப்ளே என்ற கண்ணாடியை 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 அமெரிக்க டாலர்களுக்கு விற்கத் தொடங்கியது.

விளம்பரங்களில் இவை ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றினாலும் இவற்றின் அடிப்படை முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக வகைப்படுத்தியவர்களுள் ஒருவர் டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பால் மில்கிராம். ஜப்பானிய ஆய்வாளர் ஃபுமியோ கிஷினோவுடன் இணைந்து 1994இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இரு வழிகள்

விஷன் புரோவை அணிந்தவர் உலகை நேரடியாகக் காண்பதில்லை. ஒளிப்படக் கருவிகள் பிடிக்கும் காட்சியே, கண்ணருகே உள்ள இரு சிறு மைக்ரோ ஓஎல்இடி திரைகளில் தெரிகிறது. அத்திரைகளில் மொத்தம் 2 கோடியே 30 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. படம் துல்லியமானது, கரிய நிறம் கரியதாகவே தெரியும். ஆனால் முதலில் வெளிவந்த கருவியின் எடை அறுநூறு கிராமுக்கும் அதிகம். மின்கலம் தனியே கம்பியில் தொங்குகிறது. தெருவில் அணிந்து நடப்பதற்கு உரியதல்ல அது.

மெட்டாவின் கண்ணாடியோ ஊடுருவிப் பார்க்கக்கூடியது. சட்டத்தில் உள்ள நுண்ணிய ஒளிவீச்சுக் கருவியின் ஒளி, வில்லைக்குள் பயணித்து வலது கண்ணை மட்டும் அடைகிறது. இம்முறையில் ஒளியைக் கூட்டலாம், குறைக்க முடியாது. எனவே கருமையைக் காட்ட இயலாது. வெயிலிலும், பனி படர்ந்த டொரண்டோ வீதிகளின் கூசும் வெளிச்சத்திலும் எழுத்து மங்காதிருக்கப் பெரும் ஒளிர்வு தேவை. காட்சிப் பரப்பும் 20 பாகை அளவே. அதில் 600க்கு 600 படப்புள்ளிகள்.

தமிழ் வாசகருக்கு இது சிறிய செய்தியன்று. ஆங்கிலக் குறுஞ்செய்திக்குப் போதுமான இடம், நீண்ட சொற்களையும் புள்ளிகளையும் சுழிகளையும் கொண்ட தமிழுக்குப் போதுமா என்பதைக் கடையில் அணிந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விளம்பரத்தில் உள்ள எண்கள் அதைச் சொல்வதில்லை.

மூன்றாவது வழியும் முடிவும்

மூன்றாவது வழியொன்று டொரண்டோவுக்கு அருகிலேயே உருவானது. வாட்டர்லூ பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் 2012இல் தொடங்கிய தால்மிக் லேப்ஸ், பின்னர் நார்த் எனப் பெயர் மாறி, 2018இல் ஃபோக்கல்ஸ் என்ற கண்ணாடியை அறிவித்தது. சட்டத்தின் கையில் பொருத்திய லேசர், வில்லையில் உள்ள ஹோலோகிராம் படலத்தில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்குள் படத்தை வரைந்தது. பார்வைக்குச் சாதாரண மூக்குக் கண்ணாடியைப் போலவே அது இருந்தது. ஆனால் கண் சற்று விலகினாலும் படம் மறையும். ஆகவே வாங்குவோர் டொரண்டோவிலோ நியூயார்க்கின் புரூக்ளினிலோ இருந்த கடைக்கு நேரில் சென்று முகத்தை அளக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய பொருள் பெருஞ்சந்தையை எட்டுவது கடினம்.

999 டாலராக இருந்த விலை 2019 பிப்ரவரியில் 599 ஆகக் குறைக்கப்பட்டது. அம்மாதமே சுமார் 150 பேர் வேலையிழந்தனர். 2020 ஜூனில் கூகுள் நார்த்தை வாங்கியது. ஜூலை 31 அன்று ஃபோக்கல்ஸின் சேவை நிறுத்தப்பட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மைதான். எனினும் காசு கொடுத்து வாங்கி, கண்ணில் அணிந்திருந்த பொருள், வேறொருவரின் முடிவால் ஒரே நாளில் வெறும் கண்ணாடியானது. விலையுயர்ந்த கருவிகளை ஒப்பிடுவோர் திரையின் தரத்தைப் பார்க்குமளவு, சேவை எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதைப் பார்ப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் போன்ற பெருநிறுவனமே ஹோலோலென்ஸ் 2 கருவியின் உற்பத்தியை 2024இல் நிறுத்திக்கொண்டது.

தால்மிக்கின் முதல் பொருளான மையோ, முன்கைத் தசைகளின் மின்குறிப்புகளைக் கொண்டு கணினியை இயக்கும் பட்டை. அதன் காப்புரிமைகளை நியூயார்க்கைச் சேர்ந்த கன்ட்ரோல் லேப்ஸ் 2019இல் வாங்கியது. அதே ஆண்டில் அந்நிறுவனத்தை, இன்று மெட்டா என அழைக்கப்படும் ஃபேஸ்புக் வாங்கியது. ரே-பான் டிஸ்ப்ளேயுடன் இன்று விற்கப்படும் மணிக்கட்டுப் பட்டை, அதே தசை மின்குறிப்புகளைப் படித்தே இயங்குகிறது.