வெற்றிலைப் பையும் பட்டதாரிகளும்

கோலா சாவாத் தோட்டத்தில் பிறந்தவன் நான். அங்கே மூத்த பெண்களின் இடுப்பில் வெற்றிலைப் பை இல்லாத நாளில்லை. புகையிலை சேர்க்காவிட்டால் தீங்கில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவையோ, வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதிப்படுத்தியது.

வாய்ப்புற்று வந்தால் தோட்டத்தில் ‘விதி’ என்பார்கள். படித்தவர்கள் ‘கெட்ட பழக்கம்’ என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. நோய் முற்றும்முன் ஆள் அனுப்பிப் பார்க்காத சுகாதாரத் திட்டத்துக்குப் பொறுப்பே இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஆய்வால் விடை தேடியவர் டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன். திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்திலும், பின்னர் பிரான்சு நாட்டு லியோனில் மேற்சொன்ன முகவையிலும் பணியாற்றியவர். 1996-இல் அவர் குழு திருவனந்தபுரம் வட்டாரத்தில் வீடு வீடாக வாய்ப் பரிசோதனையைத் தொடங்கியது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண் ஆகியவற்றைத் தேடிச் சென்றவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள்! புகையிலை, மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததை 2005-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்டது.

பட்டதாரிகளுக்கு நம்மிடம் பஞ்சமா? தோட்டங்களுக்குப் பட்டிமன்றம் கொண்டுபோகும் நாம், அடுத்த முறை பல் மருத்துவ மாணவர்களையும் அழைத்துச் செல்வோம். திட்டு தெரிந்தால் சிரம்பான் மருத்துவமனை வரை நாமே துணைக்குப் போவோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் வாயைக் காட்ட வரமாட்டார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும்.