எஞ்சியதைக் காப்போம்

கலிஃபோர்னியாவின் டஸ்டின் நகரில் அமெரிக்கக் கடற்படை 1942-இல் எழுப்பிய இரண்டு விமானக் கொட்டகைகளில் ஒன்று 2023 நவம்பர் 7-இல் தீக்கிரையானது. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த வான்கப்பல்களுக்காகக் கட்டப்பட்டவை இவை. போருக்கு எஃகு தேவைப்பட்டதால், ஆயிரம் அடிக்கும் அதிக நீளமுள்ள இந்தக் கூடங்களை மரச்சட்டங்களைக் கொண்டே எழுப்பினார்கள். 1975-லேயே தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இடம்பெற்றும், 1999-இல் படைத்தளம் மூடப்பட்ட பிறகு இவற்றுக்கு நிலையான பயன்பாடு அமையவில்லை. விளைவு, கல்நார் கலந்த சாம்பல் குடியிருப்புகளின் மீது படிந்தது.

ஒரிகான் மாநிலத்தின் டில்லமூக் நல்வழி காட்டுகிறது. அங்கேயும் 1992-இல் ஒரு கொட்டகை எரிந்தது. ஆனால் மற்றொன்று விமான அருங்காட்சியகமாக இயங்குகிறது. மக்கள் வந்துபோகும் கட்டடத்தில் ஒழுகும் கூரையும் பழுதான மின்கம்பியும் உடனே கண்ணில் படும். பழுதுபார்க்க வருவாயும் கிடைக்கும்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் கட்டடம் பிழைக்காது. டஸ்டினில் தப்பிய தெற்குக் கொட்டகைக்குத் தீத்தடுப்பு வசதியும் பராமரிப்பு நிதியும் தந்து, அதை அருங்காட்சியகமாக்க வேண்டும். கடற்படையும் உள்ளூர் நிர்வாகமும் இனியும் பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் சுமத்தாமல், உடனே செயலில் இறங்கட்டும்.