கூட்டத்தின் தயவில்

இந்த வாரம் மறுபடியும் அந்தப் படம் கண்ணில் பட்டது, மறுபடியும் கோபம் வந்தது. சீனக் கொண்டை ஆலாவின் படம். வெண்ணிற உடல், வெளிர் சாம்பல் முதுகு, கலைந்த கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகின் நுனியில் கறுப்பு. உலகின் மிக அபூர்வமான கடற்பறவைகளுள் ஒன்று, பின்னணியில் வேறெதுவும் இல்லாமல் நிற்கிறது. அழகான படம்தான், ஆனால் அதில் ஒரு பெரும் பொய் இருக்கிறது. இந்தப் பறவை முட்டையிடும் இடத்தில் தனியாக நிற்பதே இல்லை. சுற்றிலும் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், பெரும்பாலும் பெரிய கொண்டை ஆலாக்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். படத்தைச் சரிசெய்தவர் அவற்றையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டார். சிட்டுக்குருவியையும் காகத்தையும் பற்றி நான் ஏன் இத்தனை முறை எழுதுகிறேன் என்று கேட்கும் வாசகர்களுக்கு என் பதில், வெட்டி எறியப்பட்ட அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

இந்த ஆலாவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1861இல் இந்தோனேசியாவின் ஹல்மஹேரா தீவில் இயற்கையியலாளர் பெர்ன்ஸ்டைன் சேகரித்த பறவையை வைத்து, 1863இல் பறவையியலாளர் ஷ்லேகல் இதற்குப் பெயரிட்டார். 1937இல் சீனாவின் ஷான்டோங் கடற்கரைக்கு அப்பால் 21 பறவைகள் சுடப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போயின. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உறுதியான தகவல் ஏறக்குறைய எதுவும் இல்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 2000ஆம் ஆண்டு, தைவானின் மாட்சு தீவுகளில் பெரிய கொண்டை ஆலாக்களைப் படம்பிடிக்கப் போன லியாங் சியே-தேயின் படச்சுருளில், அலகு நுனி கறுத்த சில பறவைகள் தென்பட்டன. நான்கு ஜோடிகள், நான்கு குஞ்சுகள். அன்று முதல் தைவானிலும் சீனாவின் செஜியாங் மாகாணத்திலும் பின்னர் தென்கொரியாவிலும் பறவை ஆர்வலர்கள் ஒவ்வொரு கோடையும் இவற்றைத் தேடுகிறார்கள். எத்தனை வந்தன, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்று குறித்து வைக்கிறார்கள். அது அருமையான உழைப்பு. இந்த ஆண்டுக் கணக்கை அவர்களிடமே விட்டுவிட்டு, அந்தப் படச்சுருளுக்குத் திரும்புவோம். அபூர்வப் பறவையைத் தேடிப் போனவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சாதாரணப் பறவையை அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தவரின் பார்வையில்தான் அது பட்டது.

இது தற்செயல் அன்று. ஆலாக்கள் வெறும் பாறையிலும் மணலிலும் முட்டையிடுபவை. மரத்தின் உயரமோ பொந்தின் மறைவோ அவற்றுக்குக் கிடையாது. கடற்காகமோ வல்லூறோ வந்தால் நூறு பறவைகள் ஒன்றாகக் கிளம்பி விரட்டுவதுதான் ஒரே அரண். எல்லாம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் முட்டையிடுவதால், எதிரி எவ்வளவு தின்றாலும் மிச்சம் இருக்கும். நான்கு ஜோடிகளால் இந்த அரணை எழுப்ப முடியாது. இரண்டாயிரம் ஜோடிகளின் நடுவில் உட்கார்ந்தால் அது இலவசமாகக் கிடைக்கிறது. சீனக் கொண்டை ஆலா பிழைத்தது இன்னொரு இனத்தின் எண்ணிக்கையில் ஒண்டிக்கொண்டுதான். அந்த இன்னொரு இனம், நம் மன்னார் வளைகுடாவின் மேல் பறக்கும் அதே பெரிய கொண்டை ஆலா. அதற்காக யாரும் கேமராவைத் தூக்குவதில்லை.

கூட்டம் கலைந்தால் என்ன ஆகும் என்பதை செஜியாங்கின் ஜியுஷான் தீவுகள் காட்டின. 2004இல் அங்கே சில சீனக் கொண்டை ஆலாக்கள் இருப்பது தெரியவந்தது. புயலும் முட்டை பொறுக்குவோரும் சேர்ந்து அந்தக் குடியிருப்பைக் குலைத்தார்கள். 2007இல் மறுபடியும் முட்டைகள் போயின. பொறுக்கியவர்கள் அபூர்வ முட்டையைத் தேடவில்லை. சந்தையில் விற்கும் கடற்பறவை முட்டை எதுவானாலும் அவர்களுக்குச் சரி. சாதாரண முட்டைக்குக் காவல் இல்லாததால் அபூர்வ முட்டையும் சேர்ந்து போனது. மீட்பும் அதே வழியில்தான் வந்தது. 2013இல் ஜியுஷானின் தியெதுன் தீவில், பாறையில் சுமார் 300 பொம்மை ஆலாக்களை நிறுத்தி, சூரிய ஒளி மின்சாரத்தில் ஆலாக்களின் குரலை ஒலிக்கவிட்டார்கள். இல்லாத கூட்டத்தை இருப்பதுபோல் காட்டினார்கள். அந்தப் பருவத்தில் 2,600 பெரிய கொண்டை ஆலாக்கள் வரை வந்து இறங்கின. அவற்றோடு 19 சீனக் கொண்டை ஆலாக்களும் வந்தன. குறைந்தது ஒரு குஞ்சாவது இறக்கை முளைத்துப் பறந்தது. 2015இல் அதே தீவில் 52 பறவைகள், 16 குஞ்சுகள். அங்கே காவலர்கள் பருவம் முழுக்கத் தங்கிக் காத்தது தீவு முழுவதையும்தான்.

இங்கிருந்து என் பழைய குறைக்கு வருகிறேன். பறவை நோக்குபவர்கள் பட்டியலைப் பதிவேற்றும் ஈபேர்டில், எண்ணிக்கை தெரியாவிட்டால் ‘எக்ஸ்’ என்று இட்டு நகரலாம். வசதி நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்டதுதான். நடப்பில் அந்த எக்ஸ் விழுவது பெரும்பாலும் காகத்துக்கும் மைனாவுக்கும் மாடப்புறாவுக்கும். அபூர்வமாக வந்த ஒற்றைப் பறவைக்கு எண், நேரம், பத்துப் படங்கள். நூற்றுக்கணக்கில் இருப்பதற்கு ஒரு குறுக்குக்கோடு. இதன் விலை என்ன என்று இந்தியாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெண்முதுகுப் பாறு ஒரு காலத்தில் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் மொய்த்த பறவை. 1992க்கும் 2007க்கும் இடையே நாட்டில் அதன் எண்ணிக்கை 99.9 விழுக்காடு சரிந்தது. சரிவை நிரூபிக்க முடிந்ததற்கு முக்கியக் காரணம், பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1980களின் நடுவில் பரத்பூரில் அந்தச் சாதாரணப் பறவையை எண்ணி எழுதி வைத்திருந்தது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்று தெரிந்து, 2006இல் அதன் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. அந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால், “முன்பெல்லாம் நிறைய இருந்தது” என்ற பெருமூச்சு மட்டுமே கையில் இருந்திருக்கும். அமெரிக்காவின் பயணிப்புறா இதைவிடக் கொடிய பாடம். கோடிக்கணக்கில் பறந்த அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலையில் இறந்தது. வேட்டையே முதற்காரணம். ஆனால் பெருங்கூட்டமாக மட்டுமே குஞ்சு பொரித்துப் பழகிய இனம், கூட்டம் மெலிந்த பிறகு மிஞ்சியிருந்தவற்றைக் கொண்டு மீள முடியவில்லை என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம். எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால் இனப்பெருக்கமே தளரும் என்பதை உயிரியலில் அல்லீ விளைவு என்கிறார்கள். கூட்டமாக வாழும் உயிருக்கு, ஏராளமாக இருப்பதே உயிர்நாடி.

மறுப்புகள் உண்டு. பணமும் ஆளும் குறைவு, முதலில் சாகக் கிடப்பதைக் காப்பாற்றுவதுதானே நியாயம் என்பார்கள். நியாயம்தான்; தியெதுன் தீவில் செய்ததும் அதுவே. ஆனால் சாகக் கிடப்பதைக் காப்பாற்றும் வழி சாதாரணத்தின் ஊடே போகிறது. சீனக் கொண்டை ஆலா சாதாரண இனத்தோடு கலந்து கலப்பினக் குஞ்சு ஈனுகிறதே, அந்தக் கூட்டமே அதை விழுங்கிவிடாதா என்பது இன்னும் கனமான கேள்வி. கலப்பு உண்மை. தன் இனத்தில் துணை கிடைக்காதபோதுதான் அந்த ஆபத்து மிகுகிறது. தன் இனத்தின் எண்ணிக்கை கூடக்கூட அது குறையும். எண்ணிக்கை கூட வேண்டுமானால் குஞ்சு பிழைக்க வேண்டும், குஞ்சு பிழைக்கக் கூட்டம் வேண்டும். மூன்றாவதாக, 2016இல் தென்கொரியாவில் இவை பெரிய கொண்டை ஆலாக்கள் இல்லாத தீவிலேயே குஞ்சு பொரித்தது தெரியவந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே அவை உட்கார்ந்தது கருவால் கடற்காகங்களின் கூட்டத்துக்குள். இனம் மாறியது, கூட்டத்தின் தேவை மாறவில்லை. அபூர்வம் என்ற கவர்ச்சி இல்லாவிட்டால் இந்தத் தீவுகளுக்குப் பாதுகாப்பே கிடைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் கவர்ச்சியால் வரும் பணமும் புகழும் மொத்தக் குடியிருப்புக்கும் சேரட்டும். வெற்றியின் அளவுகோல் மொத்தக் குடியிருப்பின் நலமாக இருக்கட்டும்.

ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஏரிக்கரையிலும் மொட்டைமாடியிலும் நின்று எண்ணுபவர்கள் பலர் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் எண்ணுவது பெரும்பாலும் காகமும் மைனாவும்தான். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, எங்கும் காணக்கிடைக்கும் பனங்காடையே வேகமாகக் குறைந்துவருவதைச் சொல்ல முடிந்ததற்கு, நாடெங்கும் இப்படிச் சலிப்பில்லாமல் எழுதப்பட்ட பட்டியல்கள்தான் அடிப்படை. ஆகவே கேமராவோடு கடற்கரைக்குப் போகிறவர்களிடம் கேட்கிறேன்: அபூர்வப் பறவையைப் பாருங்கள், மகிழுங்கள், படமெடுங்கள். ஆனால் கிளம்புவதற்குமுன் பக்கத்தில் நிற்கும் சாதாரணப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எக்ஸ் இடாமல் எண்ணையே எழுதுங்கள். நாளைக்கு எது அபூர்வமாகப் போகிறது என்பதை அந்த எண்தான் முதலில் சொல்லும். அதைத் தடுக்க நேரம் இருக்கும்போதே சொல்லும்.