இடக்கைக்குக் கத்தி கேட்பது குற்றமா?

தோட்டத்தில் உழைக்கும் இடக்கைப் பழக்கமுள்ள மகனுக்கு ஏற்ற மடக்குக் கத்தி எதுவெனப் பெற்றோர் கேட்டால், "ஷைத்தானின் கைக்குக் கத்தியா?" என்று சிலர் சீறுகின்றனர். மார்க்கம் சொல்லாததை மார்க்கத்தின் பெயரால் சொல்வதை நாம் மறுக்கிறோம்.

ஷைத்தானே இடக்கையால் உண்கிறான், பருகுகிறான் என்ற கருத்தில் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. எனவே உண்பதும் பருகுவதும் வலக்கையால்தான். அதில் விட்டுக்கொடுத்தல் இல்லை. ஆனால், கயிறு அறுப்பது உண்பதாகுமா? நபி (ஸல்) அவர்கள் தம் காரியங்களில் வலத்தை விரும்பினார்கள் என்ற ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பைக் காட்டுவர். சிறப்பான செயல்களில் வலத்தை முற்படுத்துவது முஸ்தஹப்பு என்றே இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். முஸ்தஹப்பை விட்டவர் பாவியல்லர்.

பழகாத கையில் கூரிய கத்தியைத் திணிப்பதே தீங்கு. பல மடக்குக் கத்திகளில் பூட்டை விடுவிக்கும் உட்தகடு வலக்கைப் பெருவிரலுக்கே அமைந்தது. இடக்கையால் மூடுகையில் விரல் வெட்டுப்படக்கூடும். ஆகவே, பிடியின் முதுகில் நடுவே பூட்டும், அலகின் இருபுறமும் குமிழும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

இடக்கையையும் படைத்தவன் அல்லாஹ்வே. அக்கையால் பழத்தை நறுக்கட்டும். பிஸ்மில்லாஹ் கூறி வலக்கையால் உண்ணட்டும்.