முன்தீர்ப்பு என்னும் தீங்கு

ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்வது அச்சொல் குறிக்கும் பொருளின் வேரை ஆராய்வதாகும். ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் 'பிரெஜுடிஸ்' என்னும் சொல் இதற்கு நல்லதொரு சான்று. நம் மாணவர் இதற்குத் தப்பெண்ணம் என்றும், வெறுப்பு என்றும், பாரபட்சம் என்றும் பொருள் எழுதுகின்றனர். இம்மூன்றும் அதன் விளைவைச் சுட்டுகின்றனவேயன்றி அதன் உயிர்ப்பொருளைச் சுட்டவில்லை என்பது என் கருத்து.

இச்சொல் இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. 'ப்ரே' என்பது முன் எனவும், 'யூடிகியம்' என்பது தீர்ப்பு எனவும் பொருள்படும். உரோமானியர் சட்டத்தில், முதன்மை வழக்கிற்கு முன்னர் நடத்தப்பெற்ற தொடக்க உசாவலையே இச்சொல் குறித்தது. ஒருவன் அடிமையா, உரிமை பெற்றவனா என்பன போன்ற வினாக்கள் அங்கே முடிவு செய்யப்பெற்றன. ஆகவே, பிறந்தபோது இஃது இழிசொல் அன்று. நாளடைவில் உசாவல் உதிர்ந்து போயிற்று. 'முன்' என்பது மட்டும் எஞ்சியது. கேளாமுன் கூறும் தீர்ப்பே 'பிரெஜுடிஸ்' ஆயிற்று.

சட்டத்துறையில் இச்சொல்லுக்குத் தீங்கு, பாதகம் என்னும் பொருளும் உண்டு. தம் உரிமைக்குப் பாதகமின்றி எழுதுவதாகக் குறிக்க, வழக்கறிஞர்கள் தம் மடல்களின் தலைப்பில் 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று எழுதுவதைக் காணலாம். முந்திய தீர்ப்பும் தீங்கும் ஒரே சொல்லில் குடியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான சொல்லொன்று நம் நீதிமன்ற வழக்கில் நெடுங்காலமாக உண்டு. அதுவே 'முன்சீப்'. அரபு மொழியில் 'நிஸ்ஃப்' என்றால் பாதி. அவ்வேரில் பிறந்த 'முன்ஸிஃப்' என்னும் சொல், அவரவர்க்கு உரிய பங்கை ஒப்ப அளிப்பவரைக் குறிக்கும். இரு தரப்பையும் கேளாதவர் எவ்வாறு ஒப்ப அளித்தல் இயலும்? வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமையை விளக்கத் துலாக்கோலை உவமை கூறியதும் இக்கருத்துப் பற்றியே எனலாம்.

தமிழிலக்கியத்தில் முன்தீர்ப்பின் கொடுமையைச் சிலப்பதிகாரத்தினும் மிகுதியாகக் காட்டும் நூல் இல்லை. பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பிக் கோவலன் கொல்லப்பட்டான். சிலம்பு உடைக்கப்பட்டதோ அதன் பின்னர்தான். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். தண்டனை முன்னும் ஆராய்ச்சி பின்னுமாக வரிசை மாறியதே அங்கு நேர்ந்த பிழை. பாண்டியன் தீயவன் அல்லன், முந்தியவன்.

காவியத்தில் ஓர் அரசன் செய்ததைப் பிற்காலத்தில் ஓர் அரசாங்கமே சட்டமாக எழுதிற்று. 1871இல் ஆங்கிலேயர் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தனர். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. குற்றம் புரிந்தவரை அன்று, குறிப்பிட்ட குலத்தில் பிறந்தவரையே குற்றவாளியாகப் பதிவு செய்ய அது வழிவகுத்தது. கைரேகை பதிதலும், இரவில் ஆட்கணக்கெடுப்புக்கு உட்படுதலும் அவர்தம் வாழ்வாயின. மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். இதனை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தப்பெற்று உயிர்கள் பல மாய்ந்தன. 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அச்சட்டம் நீக்கப்பெற்றது. அம்மக்களுள் பலரை இன்று அரசு 'சீர்மரபினர்' என வழங்குகின்றது. பெயர் மாறிற்று, பார்வை முழுதும் மாறிற்றா என்பதே வினா.

பெயரைக் கேட்டவுடன் வாடகைக்கு வீடில்லை என்பாரும், ஊரைக் கேட்டவுடன் வேலையில்லை என்பாரும் இன்றும் உளர். இதனால் வருந்துவோர் தாமும் பிறரைச் சாதியாலும் தொழிலாலும் அளக்கத் தயங்குவதில்லை. முன்தீர்ப்புக்கு ஆளானவர் எல்லாரும் முன்தீர்ப்பு இல்லாதவர் ஆகிவிடுவதில்லை.

இதற்கு மருந்து யாது? காஞ்சியையும் ஏனாத்தூரையும் சார்ந்து வாழும் நமக்கு அதனைப் பட்டே கற்பிக்கும். மின்னுகின்றது என்பதற்காகவே சரிகையை வாங்குவோர் ஏமாறுவர். பொன்னும் வெள்ளியும் எவ்வளவு எனச் சோதித்தறிந்தே அறிவுடையோர் விலை பேசுவர். விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்து எண்ணிட்டுத் திருத்துவதும் இந்நோக்கம் பற்றியதே. நல்லவராகிய ஆசிரியரிடமும் பெயர் தன் வேலையைச் செய்துவிடலாம் என்று அறிந்தோர் வகுத்த முறை அது.

எனவே, 'பிரெஜுடிஸ்' என்பதை இனி 'முன்தீர்ப்பு' எனவே தமிழில் வழங்குவோமாக. தப்பெண்ணம் என்றால், 'என் எண்ணம் தப்பன்று' என வாதிட இடமுண்டு. முன்தீர்ப்பு என்றால் 'கேட்டாயா?' என்னும் ஒரே வினாதான் எழும். மாணவமணிகளே, அவ்வினாவைப் பிறரிடம் எழுப்புமுன் நம்மிடமே எழுப்பக் கற்போம்.