‘எனக்கு எதுவும் வேண்டாம்’ - கையெழுத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

‘ஒரு பைசாகூட வேண்டாம், விட்டால் போதும்!’ பேசிப் பிரிய முடிவெடுத்த பெண்கள் பலர் சொல்லும் வார்த்தை இது. மாதக்கணக்கில் நடந்த பஞ்சாயத்து, உறவினர்களின் பேச்சு, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சேர்ந்து அப்படிச் சொல்ல வைக்கின்றன. ஆனால், அந்தக் களைப்பில் போடும் கையெழுத்தின் விளைவு பல வருடங்களுக்கு நீளும்.

பத்து வருட மண வாழ்க்கை, எட்டு வயது மகள், சொந்த வருமானம் இல்லாத ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ‘பிள்ளையை நானே வளர்த்துக்கறேன், செலவுக்கு எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அவருக்கு எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

எவ்வளவு நாள் ஆகும்?

இந்துத் திருமணச் சட்டம் 1955, 13பி பிரிவின்படி, குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனு போடலாம். ஆறு மாதம் கழித்து, 18 மாதங்களுக்குள் இருவரும் மறுபடி சம்மதம் சொல்ல வேண்டும். இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஜீவனாம்சம், குழந்தை விவகாரங்களை இருவரும் உண்மையாகவே பேசி முடித்திருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று. ஆக, அவசரமாக முடிய வேண்டுமென்றாலும் பணத்தைப் பேசித்தான் ஆக வேண்டும். மற்ற மதத்தினருக்கும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் தனிச் சட்டங்கள் உண்டு.

கணவரின் வருமானமே தெரியாதே?

ஜீவனாம்ச வழக்கு என்று போனால், இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இது. பேசி முடிக்கும்போதும் அதே விவரங்களைக் கேட்டு வாங்கிய பிறகு தொகையை முடிவுசெய்வதே நல்லது. மொத்தத் தொகை என்றால், இறுதிச் சம்மதம் சொல்வதற்குள் எந்தத் தேதியில், எப்படிக் கைக்கு வரும் என்று மனுவில் இருக்க வேண்டும். மாதாமாதம் என்றால் தேதி, வங்கிக் கணக்கு, வருடாந்திர உயர்வு மூன்றும் இருக்க வேண்டும். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று தனக்காக எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கேட்டுப் பெறுவது பெரும்பாடு.

நகைகள் மாமியார் வீட்டில் இருக்கின்றனவே?

பிறந்த வீட்டில் போட்டதும், திருமணத்தின்போது மணப்பெண்ணுக்கென்று வந்ததும் ஸ்ரீதனம். அதில் கணவருக்கு உரிமை இல்லை என்பதை 2024-லும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதை ஜீவனாம்சக் கணக்கில் கழிக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. திருமண போட்டோ, நகைக்கடை ரசீது, லாக்கர் விவரம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, எத்தனை பவுன் திரும்பி வருகிறது என்று பட்டியலாகவே மனுவில் எழுதலாம்.

மகளின் செலவையும் வேண்டாம் என்று எழுதலாமா?

எழுதினாலும் அது மகளைக் கட்டுப்படுத்தாது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. அதை அம்மா விட்டுக்கொடுக்க முடியாது. மகளின் சார்பில் பிறகும் கேட்கலாம். விவாகரத்தோடு மனைவி என்ற வாரிசுரிமைதான் முடிகிறது. அப்பாவின் சொத்தில் மகளின் வாரிசுரிமை அப்படியே இருக்கும். ஆனாலும், பின்னால் வழக்கு போட்டு அலைவதைவிட இப்போதே எழுதிக்கொள்வது மேல்.

குழந்தை யாரிடம் இருக்கும்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை பொதுவாக அம்மாவிடம் இருக்கும். அதற்குமேல், சம்பாதிப்பவருக்கே குழந்தை என்று சட்டத்தில் இல்லை. குழந்தையின் நலனே நீதிமன்றத்துக்கு முக்கியம். ‘அப்பா வந்து பார்க்கலாம்’ என்ற ஒற்றை வரி போதாது. எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், பள்ளி விடுமுறையும் தீபாவளியும் யாரோடு, பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் யார் பொறுப்பு, பாஸ்போர்ட்டுக்கு இருவரும் கையெழுத்திடுவார்களா என்பதெல்லாம் தெளிவாக இருந்தால், பிள்ளையை நடுவில் நிறுத்திச் சண்டை போட வேண்டியிருக்காது. சூழ்நிலை மாறினால், குழந்தை தொடர்பான உத்தரவை மாற்றித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே?

வருமான வரம்பு பார்க்காமல் பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மனு தயாரானதும் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இல்லை. நகலை வீட்டுக்கு எடுத்துவந்து வரிக்கு வரி படிக்கலாம். புரியாத வரிக்கு விளக்கம் கேட்கலாம். விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். கையெழுத்து அதன் பிறகு போதும்.